முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள், பிழை பூச்சியம்

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கரைக் கோடு போட வேண்டும். கணினியில் படத்தின் மேல் சுட்டியை வைத்து அழுத்தி, நிறத்தைச் சொல்லி, தடிப்பைச் சொன்னால் ஒரு படம் முடிந்தது. அதற்கு அரை நிமிடம் போதும். இடையில் பிளேன் டீ குடிக்க எழும்புவதையும், யன்னலால் வாவியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவதையும் சேர்த்துக்கொண்டாலும் ஒரு பின்னேரத்தில் தீர்ந்துவிடும் வேலை. அந்த வேலையை நெவில் மூன்று கிழமை செய்தார்.

அவசரப்பட்டு அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி வேலை செய்யமாட்டான். நெவிலோ சாப்பாட்டை மறந்து, சவரத்தை மறந்து, மனைவி சார்மெயினின் பிறந்த நாளை மறந்து உழைத்தார். அந்த ஒரு வேலையைத்தான் செய்யவில்லை. அந்த வேலை தானாகவே நடந்துவிடுவதற்கான வேலையைச் செய்துகொண்டிருந்தார். இப்போது ஆள் யாரென்று பிடிபட்டிருக்கும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். உங்கள் குடும்பத்தில் நிச்சயம் ஒருவர். இந்த இனத்துக்குப் பெயர் தேடி அலையத் தேவையில்லை, அவர்களே வாய்க்கு வாய் சொல்லித் திரிகிறார்கள்: "ஒருக்காப் பாடுபட்டாச் சரி, மறுகா வாழ்நாள் முழுக்கச் சும்மா இருக்கலாம்." ஆகவே ஒருக்காப் பாடுபடுவோர். அந்த ஒருக்கா எப்போது முடிகிறது, வாழ்நாள் முழுக்கச் சும்மா இருப்பது எப்போது தொடங்குகிறது என்று இதுவரை யாரும் கண்டதில்லை.

ஒருக்காப் பாடுபடுவோரை அடையாளம் காண்பது லேசு. வேறொருவர் எதையாவது கையால் செய்துகொண்டிருந்தால் இவர் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். நாக்கால் 'த்சொ' என்று ஒரு சத்தம். பிறகு, நோயாளியின் படுக்கைக்கு அருகில் நிற்கும் உறவினரின் குரலில், "இதையெல்லாமா இன்னும் கையால செய்றீங்க?" என்பார். சந்தைக்கு அனுப்பினால் மீனோடு வரமாட்டார். எந்தக் கிழமையில் எந்த மீன் மலியும் என்று கணிக்கும் ஓர் அட்டவணையோடு வருவார். அன்று மத்தியானம் பருப்பு.

நெவில் வீட்டு வாசலில் இரண்டு ரோசாச் செடிகள் நிற்கின்றன. இரண்டே இரண்டு. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற அவர் ஒரு போத்தல், நாலு முழக் குழாய், ஒரு சின்ன மோட்டர், நேரம் பார்த்து அதை முடுக்கிவிடும் ஒரு பெட்டி எல்லாம் பூட்டியிருக்கிறார். பெட்டி முடுக்கும். மோட்டர் உறுமும். தண்ணீர் வராது. சார்மெயின் விடியற்காலையில் வாளியால் ஊற்றி ரோசாவின் உயிரைக் காப்பாற்றுகிறார். நெவில் பின்னேரம் வேலையால் வந்து, செழித்து நிற்கும் செடிகளைப் பார்த்து, "பாத்தீங்களா, சிஸ்டம்!" என்கிறார். சார்மெயின் ஒன்றும் சொல்வதில்லை. கலியாணம் முடித்துப் பதினாறு வருடம். சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாயிற்று.

சரி, படங்களுக்கு வருவோம்.

புளியந்தீவில், வாவியைப் பார்த்தபடி ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், பழைய மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு ஐம்பது வயதாகிறது. பொன்விழாவுக்கு ஒரு மலர் போடுவதென்றும், இந்த ஐம்பது வருடத்தில் அங்கே படிப்பித்த ஆசிரியர்கள் எல்லோருடைய படமும் அதில் வரவேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. மலர்க் குழுவின் செயலாளர் றஸீனா மிஸ். காத்தான்குடிக்காரி, அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பிக்கிறவர். வீடு வீடாக ஏறி, சுவரில் தொங்கியதைக் கழற்றி, அலுமாரிக்குள் கிடந்ததை இழுத்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் கெஞ்சி, ஒரு வருடமாகப் படம் சேர்த்தவர்.

அவருக்கு இதில் ஓர் அவசரம் இருந்தது. நோறா மிஸ். பள்ளிக்கூடம் தொடங்கிய வருடமே வந்து சேர்ந்த ஆசிரியர்களில் ஊரில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். வயது எழுபத்தெட்டு. மலரே அவருக்குத்தான் சமர்ப்பணம். சனிக்கிழமை விழா, திங்கட்கிழமை அவர் மகளோடு மெல்பேர்னுக்குப் போகிறார். திரும்பி வரும் யோசனை இல்லை. "இந்த வயசில ஒரு பிளேன் போதும்" என்று சொல்லிவிட்டார். சின்ன வயதில் தனக்குக் கணக்கும் துணிச்சலும் படிப்பித்தவரின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துத்தான் அனுப்புவது என்று றஸீனா மிஸ் மனதுக்குள் நேர்ந்து வைத்திருந்தார்.

ஆகவே நேரத்தோடு வேலையைத் தொடங்கியிருந்தார். நாற்பது படங்களுக்குக் கரை போட்டு முடித்த கட்டத்தில்தான், குழுக் கூட்டத்துக்கு முந்தி வந்துவிட்ட நெவில் அவருடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். த்சொ.

"மிஸ், நிப்பாட்டுங்க!"

கல்லடிப் பாலத்தில் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடும் பிள்ளையைக் கண்டவர் போட்ட சத்தம் அது. றஸீனா மிஸ் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டார்.

"என்ன சேர், பாம்பா?"

"பாம்பில்ல. என்னத்துக்கு இப்பிடி ஒவ்வொண்டாக் கிடந்து மாயிறீங்க? இதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாச் சரி."

"இன்னும் கொஞ்சந்தானே சேர். நாளைக்கும் இருந்தனெண்டா அஸர் தொழுகைக்கு முதல் முடிச்சிருவன்."

"நாளைக்கா! ரெண்டு நிமிசம் மிஸ். பட்டன அமத்திப்போட்டு நீங்க டீ குடிக்கலாம்."

ஸ்கிரிப்ட் என்றால் கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைக் கோவை. இதைச் செய், பிறகு அதைச் செய், தீரும்வரை செய்துகொண்டே இரு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது மறுபேச்சில்லாமல் செய்யும். 'மறுபேச்சில்லாமல்' என்ற இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. றஸீனா மிஸ் அதை அப்போது கவனிக்கவில்லை. 'சின்ன' என்ற சொல்லை நம்பிக் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

நெவில் உட்கார்ந்தார். றஸீனா மிஸ் போட்டிருந்த நாற்பது கரைகளையும் உற்றுப் பார்த்தார். "ஒண்டு மெல்லிசு, ஒண்டு தடிப்பு. கை வேலைல இதுதான் பிரச்சினை. சுத்தமாத் தொடங்குவம்" என்றார். அவர் எழுதிய முதலாவது ஸ்கிரிப்ட், அந்த நாற்பது கரைகளையும் நீக்குகிற ஸ்கிரிப்ட். முதல் தடவையிலேயே அது திறமாக வேலை செய்தது. பின்வந்த மூன்று கிழமையிலும் அப்படிப் பிழையில்லாமல் நடந்த காரியம் வேறொன்றில்லை.

மலரின் கணினிக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். முதல் ஓட்டத்தைப் பார்க்க சார்மெயினைக் குசினியிலிருந்து கூப்பிட்டார். பட்டனை அமத்தினார். கணினி இரண்டு தடவை கனைத்து, ஓடி முடித்தது. பள்ளிக்கூடச் சின்னத்தைச் சுற்றிக் கரை விழுந்திருந்தது. வலயப் பணிப்பாளரின் கையெழுத்தைச் சுற்றிக் கரை. ஆசிச் செய்திகளின் அடியில் வரும் சின்னப் பூவைச் சுற்றிக் கரை. புடைவைக் கடை விளம்பரத்தில் தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில் பயறளவு ஒரு தொலைபேசிப் படம் இருந்தது, அதற்கும் கரை. ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு இல்லை.

காரணம் இருந்தது. இந்த இனத்தவரிடம் காரணம் எப்போதும் இருக்கும். கணினியில் படங்கள் இரண்டு விதமாக இருக்கின்றனவாம்: எழுத்தைப் போல வரியில் குந்தியிருப்பவை, வரிக்குக் கட்டுப்படாமல் பக்கத்தின் மேல் மிதப்பவை. ஸ்கிரிப்டுக்குக் குந்தியிருந்தவை மட்டும்தான் கண்ணில் பட்டன. "அப்ப மிதக்கிறதையும் பிடிக்கச் சொல்லுங்களன்" என்று சொல்லிவிட்டு சார்மெயின் குழம்பைப் பார்க்கப் போனார். நெவில் ஒரு கிழமை செலவழித்து மிதக்கிறவற்றையும் பிடித்தார். பிடிபட்ட அதிர்ச்சியில் அவை இடம் மாறிப் பறந்தன. குழுத் தலைவர் பிறையன் சேரின் முகம் உரக் கடை விளம்பரத்துக்குள் போய், 'ஒரே போகத்தில் பலன் தெரியும்' என்ற வரிக்கு மேலே உட்கார்ந்தது.

றஸீனா மிஸ் தொலைபேசியில் கேட்டார். "சேர், முடிஞ்சா?"

"கிட்டத்தட்ட."

"நான் வேணுமெண்டா வந்து கையால..."

"ஐயோ மிஸ், இப்ப கை வச்சீங்களோ எல்லாம் குழம்பும்."

'கிட்டத்தட்ட' என்பது இவர்களிடையே ஒரு தூர அளவு. கல்முனையிலிருந்து புளியந்தீவுக்குப் புறப்பட்ட பஸ் பாதி வழி வராமல் களுவாஞ்சிக்குடியில் நிற்கும்போதும் கிட்டத்தட்ட. புறப்படாமல் நிற்கும்போதும் கிட்டத்தட்ட.

இந்த நேரம் பார்த்துப் பிறையன் சேர் ஒரு கூட்டம் வைத்தார். அவர் பழைய அதிபர். கூட்டம் வைக்காவிட்டால் உடம்பு வலிக்கும். பட்டிஸ் ஒன்றைக் கடித்தபடி, "காலஞ்சென்ற ஆசிரியர்களுக்குக் கறுப்புக் கரை. தடிப்பா. இருக்கிற ஆக்களுக்கு மெல்லிசா நீலம். அதுதான் முறை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அது முறைதான். எங்கள் பக்கத்தில் ஒரு முகத்தைக் கறுப்புக் கரைக்குள் கண்டால், பெயரை வாசிக்க முதலே வாய் 'அச்சச்சோ' என்று சொல்லிவிடும். மின்கம்பத்தில் ஒட்டியதானாலும் பேப்பரின் கடைசிப் பக்கமானாலும் சட்டம் ஒன்றே. கறுப்புக்குள் இருப்பவர் இல்லை.

"அது லேசு," என்றார் றஸீனா மிஸ். "ஆரு மௌத்து, ஆரு இருக்கிற எண்டு எனக்கு எல்லாம் பாடம். பக்கத்தில இருந்து சொல்றன், நீங்க போடுங்க சேர்."

நெவிலின் முகம் சுருங்கிவிட்டது. "ஒவ்வொண்டா ஒராள் சொல்லி, ஒராள் போடுறதெண்டா, மறுகா ஸ்கிரிப்ட் என்னத்துக்கு மிஸ்? அது தானாக் கண்டுபிடிக்கோணும்."

"ஆள் மௌத்தான கதய கொம்பியூட்டர் எப்பிடிச் சேர் தானாக் கண்டுபிடிக்கும்?"

"ஒரு லொஜிக் இருக்கும். எல்லாத்துக்கும் ஒரு லொஜிக் இருக்கும்."

அந்த லொஜிக் மூன்றாம் நாள் காலையில், தலையில் சவர்க்கார நுரையோடு நிற்கும்போது அவருக்கு வந்தது. துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்: "கறுப்பு வெள்ளைப் போட்டோ எண்டா பழைய போட்டோ. பழைய போட்டோ எண்டா பழைய ஆள். பழைய ஆள் எண்டா போயிட்டார். கலர்ப் போட்டோ எண்டா இருக்கிறார். அவ்வளவுதான்! நிறத்தப் பாத்தே ஸ்கிரிப்ட் சொல்லிடும்."

சார்மெயின் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே கேட்டார். "அப்ப உங்கட மம்மிட கலியாணப் போட்டோ?"

பக்கத்து அறையில் மம்மி புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு, குழம்பில் புளி போதாதென்று சத்தமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நெவில் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அது விதிவிலக்கு."

முதல் இருபது பக்கத்தில் சோதித்தார். ஆரம்பகால அதிபர்கள், நிறுவுநர்கள், எழுபதுகளில் பென்சன் போனவர்கள். அத்தனை பேரும் கறுப்பு வெள்ளை. அத்தனை பேரும் உண்மையாகவே போய்ச் சேர்ந்தவர்கள். ஒரு பிழை இல்லை. இதற்கு மேலும் சோதிப்பது விஞ்ஞானத்தை அவமதிப்பது அல்லவா? பட்டனை அமத்தினார். திரையில் வந்தது: 'முடிந்தது. படங்கள் 312. பிழை 0.'

அந்தப் பூச்சியத்தைப் படம் பிடித்துக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டார். பிறையன் சேர் கட்டைவிரல் காட்டினார். அன்று புதன்கிழமை, பகல் இரண்டு மணிக்குள் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். றஸீனா மிஸ் கெஞ்சினார்: "சேர், ஒருக்காப் பக்கம் பக்கமாப் பாத்திட்டு அனுப்புவமே."

"கண்ணால பாக்கிறதா? மனிசர் பிழை விடுற இடமே அதுதான் மிஸ்."

அனுப்பிவிட்டார். அன்று பின்னேரம் அச்சகத்திலிருந்து அம்ஜத் தொலைபேசி எடுத்தார். "சேர், ஒண்டு கேக்கன், கோவிக்கப்படா. உங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிச்சா ஆக்கள் இப்பிடித்தான் போயிடுவாங்களா? எங்கட மச்சினிக்கு அங்கதான் இடமாற்றம் வந்திருக்கு."

"ஸ்கிரிப்ட் சொன்னாச் சரி தம்பி. அடிங்க."

அடித்தார்கள். நானூறு பிரதிகள்.

சனிக்கிழமை, விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருக்க, முச்சக்கர வண்டியில் கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கியது. றஸீனா மிஸ் கயிற்றை அறுத்து, மேலே கிடந்த பிரதியை எடுத்து, முதலில் நோறா மிஸ்ஸின் பக்கத்தைத்தான் விரித்தார். முழுப் பக்கப் படம். வலைப்பந்து மைதானம், கழுத்தில் விசில், இருபத்தெட்டு வயது, உலகத்தையே வெளியே போய் நில் என்று சொல்லக்கூடிய பார்வை. கறுப்பு வெள்ளை. அதைச் சுற்றி, கரை என்று சொன்னால் போதாது, ஒரு கறுப்பு மதில்.

"யா அல்லாஹ்" என்று சொல்லி அவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். உயிரோடு இருக்கிற பதினொரு ஆசிரியர்கள் கறுப்புக்குள் கிடந்தார்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். பொன்விழா மலருக்கு ஒரு படம் தாருங்கள் என்று கேட்டால் மனிதர் எந்தப் படத்தைத் தருவார்? நேற்று மூக்குக்கண்ணாடியும் முழங்கால் வலியுமாக எடுத்ததையா? அலுமாரியின் அடியில் துழாவி, தலை நிறைய முடியும் ஒட்டிய வயிறும் ஒரு பக்கச் சிரிப்புமாக எழுபத்தொன்பதாம் ஆண்டு ஸ்டூடியோவில் எடுத்ததையல்லவா தூசி தட்டித் தருவார்? தந்திருந்தார்கள். ஊரில் உயிரோடு இருந்தவர்களில் யார் யாருக்குத் தங்கள் அழகில் மிச்ச நம்பிக்கை இருந்ததோ, அவர்களையெல்லாம் தேடிப் பிடித்து ஸ்கிரிப்ட் அனுப்பி வைத்திருந்தது.

பிறையன் சேர் அந்த நேரம் பார்த்து மாலையும் கோட்டுமாக வந்தார். தன் பக்கத்தைப் பார்த்தார். சுருள் முடியோடு, கறுப்புக்குள், தான்.

"என்னய ஆர் முடிச்ச?"

எல்லோரும் நெவிலைப் பார்த்தார்கள்.

"நெவில், நான் போன மாசம்தான் கண் ஒப்பரேசன் செய்த. செத்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"சேர், என்ட கணக்குச் சரி," என்றார் நெவில், பின்னால் ஓரடி வைத்து. "உங்கட போட்டோதான் பிழை. கலர் தந்திருந்தா இருந்திருப்பீங்க."

பிறையன் சேர் முப்பத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு ஏசிப் பழகிய வாயைத் திறந்தார். நெவில் அதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். "பதட்டப்படாதீங்க. பிழையான பக்கத்துக்கெல்லாம் மேலால ஒட்ட ஸ்டிக்கர் அடிப்பம். சைஸ் தானாப் பாத்து வெட்டுறதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட்..."

"சேர்," என்றார் றஸீனா மிஸ். மெதுவாகத்தான் சொன்னார். "இனி அந்தப் பெட்டியத் திறந்தீங்களோ, தூக்கி வாவிக்குள்ள எறிவன்."

நெவில் மூடினார்.

றஸீனா மிஸ் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு யோசித்தார். வெளியீட்டை நிறுத்திவிடலாம். பூச்செண்டும் பொன்னாடையும் கொடுத்து அனுப்பிவிடலாம். ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகிறவரின் கையில், போகிறதுக்கு இரண்டு நாளுக்கு முன்னால், அவரையே கறுப்புக்குள் வைத்து எப்படிக் கொடுப்பது? ஒரு வருடம் ஏறி இறங்கிய வாசற்படிகள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. கண் கலங்கிவிட்டது.

"என்ன றஸீனா, புத்தகத்த அடைகாக்கிறியா? தா இங்க."

நோறா மிஸ். ஒரு நாளும் பிந்தி வந்தறியாதவர், அன்றைக்கும் ஒரு மணி நேரம் முந்தி வந்து நின்றார். கையிலிருந்ததை இழுத்து எடுத்தார். விரித்தார். தன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்," என்றார். "இந்த வேலை ஆருடது?"

"ஸ்கிரிப்ட் செய்த மிஸ்" என்றார் நெவில்.

"ஸ்கிரிப்டோ. அந்தப் பிள்ளைய எழும்பி நிக்கச் சொல்லு."

நெவிலுக்கு நாற்பத்து நாலு வயது. எழும்பித்தான் நின்றுகொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

நோறா மிஸ் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். பிறையன் சேரின் பக்கத்தில் "ஆ, இவனுமா" என்றார். கடைசியில் மலர்க் குழுவின் பக்கம். அங்கே நெவிலின் படம் இருந்தது. போன மாதம் எடுத்தது. ஒரு கெத்துக்காக அதை அவரே கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுத்திருந்தார். சுற்றிவர, குறைவில்லாத தடிப்பில், கறுப்புக் கரை.

"நீயும் போயிட்டியா மனே?" என்றார் நோறா மிஸ். "நல்லது. வழித்துணைக்கு ஆள் இருக்கு."

முதலில் சிரித்தது பிறையன் சேர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்கில் சரிந்தார். நெவில் தன் படத்தைப் பார்த்தார். ஸ்கிரிப்ட் தன்னையும் விட்டுவைக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிமிடம் பெருமைகூட வந்தது. எவ்வளவு நேர்மையான லொஜிக்!

"பேனை," என்று கை நீட்டினார் நோறா மிஸ்.

றஸீனா மிஸ் கொடுத்தார். நோறா மிஸ் மேசையில் புத்தகத்தை வைத்து, தன் படத்தின் கறுப்புக் கரைக்குக் கீழே, கரும்பலகையில் எழுதிய அதே உருண்டை எழுத்தில், 'நான் இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இடாப்புக் கூப்பிட்டா 'வந்திருக்கிறேன்' எண்டு சொல்லத் தெரியாத ஆக்களா நாங்க? மிச்சப் புத்தகத்தையும் கொண்டு வா. பிறையன், இதில வந்து இரு. மத்த ஆக்களும் வர வர இருத்து."

"எல்லாத்திலயுமா மிஸ்? நானூறு" என்றார் றஸீனா மிஸ்.

"நாலாயிரம் கொப்பி திருத்தின கை இது."

பதினொரு பேரில் எட்டுப் பேர் விழாவுக்கு வந்திருந்தார்கள். வந்தவர்களை வாசலிலேயே பிடித்து மேசைக்குப் பின்னால் இருத்தினார்கள். வந்து பார்த்த பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் அச்சச்சோ என்றார்கள். பிறகு கறுப்புக்குள் இருந்தவரே எதிரில் இருந்து கையெழுத்துப் போடுவதைக் கண்டு வரிசையில் நின்றார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து அன்னப்பூரணி டீச்சரின் மகள் வந்திருந்தார். டீச்சர் இறந்து இரண்டு வருடம். படம் கலர் என்றபடியால் நீலக் கரைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். றஸீனா மிஸ் மன்னிப்புக் கேட்கப் போனார். "விடுங்க மிஸ்," என்றார் மகள். "அம்மா நீலத்திலயே இருக்கட்டும். கறுப்புச் சீலை ஒரு நாளும் உடுக்கல்ல."

நெவிலுக்கும் வேலை கிடைத்தது. நோறா மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு புத்தகத்திலும் அவருடைய பக்கத்தை விரித்து வைப்பது. விரி, பிடி, மூடு, அடுத்தது. ஒரு ஐம்பது போயிருக்கும். அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து காதோடு சொன்னார்.

"மிஸ், உங்கட கையெழுத்த ஒருக்கா ஸ்கேன் பண்ணினமெண்டா, மிச்சத்தத் தானாவே..."

"பக்கத்தத் திருப்பு."

திருப்பினார்.

விழா ஒன்றரை மணி நேரம் பிந்தித் தொடங்கியது. யாரும் குறை சொல்லவில்லை. பிறையன் சேரின் தலைமையுரை அதனால் சுருங்கியது என்று பலருக்கு உள்ளூர மகிழ்ச்சி. மேடையில் றஸீனா மிஸ் முதற் பிரதியைக் கொடுத்தார். நோறா மிஸ் அதை வாங்கி, பொன்னாடையையும் பூச்செண்டையும் மகளிடம் தள்ளிவிட்டு, புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். மெல்பேர்னுக்கு அது பெட்டியில் போகாது, கையில்தான் போகும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். றஸீனா மிஸ் ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது சார்மெயின் கேட்டார். "என்ன, இனியாவது கையால ஒரு வேலை செய்வீங்களா?"

"ஏன்? பிழை சின்னன். நிறத்தோட சேத்து ஆள்ட முகத்தில சுருக்கத்தையும் பாக்கச் சொன்னா..."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? உங்கள் வீட்டில் யாராவது வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, பின்னால் நின்று ஒரு 'த்சொ' விட்டதில்லையா? கணினியைத் தொட்டே அறியாதவர்களும் இந்த இனத்தில் ஏராளம். அதற்கு அனுமதிச் சீட்டு ஒரு பெருமூச்சு மட்டுமே. அது போகட்டும். இதை வாசிக்கத் தொடங்கும்போது விரலால் தள்ளித் தள்ளி எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு, யாராவது நாலு வரியில் சுருக்கித் தந்தால் என்ன என்று யோசித்தவர் யார்? பரவாயில்லை. கூச்சப்பட வேண்டாம். மலர்க் குழுவுக்கு அடுத்த வருடமும் ஆள் தேவை. உங்களுடைய படம் ஒன்று எடுத்து வையுங்கள். கலரில்.

நோறா மிஸ்ஸின் எட்டுப் பயணப் பெட்டிகளுக்கும் பெயரும் விலாசமும் எழுதி ஒட்டும் பொறுப்பை நெவில் கேட்டு வாங்கியிருக்கிறார். கொழும்புக்குப் போகும் வேன் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வருகிறது.